போக வர டிக்கெட்

ஆஸ்திரேலியாவின் ராபின்வேலில் விமான டிக்கெட் வேண்டுமென்றால் சேலாவைத்தான் பிடிக்க வேண்டும். கடை போட்டு உட்கார்ந்திருப்பவள் இல்லை. பகல் முழுக்க எல்லாரையும் போலத் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவள்தான். ஆனாலும் சொந்த ஊரான டோங்காத் தீவுக்கு எந்தக் கிழமை மலிவு, எந்த ஊரில் இறங்கி ஏறினால் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் அவளுக்குக் கைரேகை மாதிரி. கல்யாணத்துக்குப் போகிறவர்கள், சாவுக்குப் போகிறவர்கள், அறுப்புக் காலம் முடிந்து கூட்டமாகத் திரும்புகிற பையன்கள் எல்லாருக்கும் அவள்தான் தேடிக் கொடுத்தாள். கூலி வாங்க மாட்டாள். ஒரு வேளைச் சாப்பாடு போட்டால் போதும். அதையும் குறை சொல்லிக்கொண்டேதான் சாப்பிடுவாள்.

அந்த ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லூசியானே அவளைத் தன் வீட்டு அடுப்படி மேஜைக்கு வரவழைத்திருந்தாள். தம்பி கித்தியோனேவுக்கு டிக்கெட் போட வேண்டும். போவதற்கு மட்டும்.

"மொதல்லயே ஒண்ணு சொல்லிப்புடறேன்" என்றாள் சேலா, போனைத் துடைத்தபடி. "அவசரம்னு காட்டிக்கிடக் கூடாது. இந்த டிக்கெட் விக்கிற சனியன் மோப்பம் புடிச்சிரும். ஒரே நாள ரெண்டு தரம் பாத்தம்னா மூணாந்தரம் வெலைய ஏத்திப்புடுவான்."

"அப்பிடின்னா சும்மாக்காச்சும் ஹவாய்க்குத் தேடு. கொழம்பிப் போகட்டும்" என்றான் பெனி. லூசியானேயின் புருசன். எதையும் சிரித்துக் கடந்துவிடுகிற ஆள்.

"நேத்தே தேடிட்டேன்டா. இப்ப என் போன்ல ராவும் பகலும் ஹவாய் ஓட்டலா வருது. எவன்கூடடீ போகப் போறேன்னு எம்புருசன் கேக்கான்."

பெனி மேஜையைத் தட்டிச் சிரித்தான். லூசியானே சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கொல்லையில் நின்ற பழைய கேரவன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் உள்ளே விளக்கு எரிந்தது. கித்தியோனே அங்கேதான் இருந்தான். ஒன்பது வருசமாக அங்கேதான். கூடப்பிறந்த ஆணும் பெண்ணும் ஒரே கூரைக்குக் கீழே படுக்கிற வழக்கம் அவர்களுக்குள் கிடையாது. நேருக்கு நேர் உட்கார்ந்து கதை பேசுவதும் கிடையாது. அக்காள் இருக்கிற அறைக்குள் தம்பி வர மாட்டான். தம்பி இருக்கிற கேரவனுக்குள் அக்காள் கால் வைத்ததில்லை. அவள் ஆக்கிக் கொடுப்பாள், பெனி கொண்டுபோவான். அவன் சொல்வான், பெனி வந்து சொல்வான். வெள்ளைக்கார ஊருக்கு வந்தபின் இதையெல்லாம் விட்டுவிட்ட குடும்பங்கள் உண்டு. இவர்கள் விடவில்லை. கையில் வேறு சொத்து எதுவும் இல்லாதவர்கள் மரியாதையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

"அட, இங்க பாரு கூத்த" என்றாள் சேலா. "போறதுக்கு மட்டும்னா எண்ணூத்தி நாப்பது டாலர். போக வரன்னா அறுநூத்தித் தொண்ணூறு."

"வர்றதையும் சேத்தா எப்படிக் கொறயும்?"

"அவன் புத்தி அப்பிடி. ஒரேயடியாப் போறவன்கிட்டப் புடுங்கிக்கிடுவான். திரும்பி வர்றவனுக்கு விட்டுக்குடுப்பான். நீ போக வரவே எடு. வர்றதக் கெடப்புல போடு. யாரு கேக்கப் போறா?"

அடுப்பில் சோறு கொதித்து மூடி தட்டியது.

"வர்ற தேதின்னு ஒண்ணு அடிக்கணும் லூசியானே. இல்லாட்டி மேல போக மாட்டேங்குது."

"எது கொறச்சலோ அத அடி."

"நவம்பர் பதினாலு."

"அடி."

சேலா அடிக்கப் போனவள் நிறுத்தினாள். "போற நாளு? வியாழக்கிழமைதான் இந்த வெல. ஆக்லாந்துல ஒரு ராத்திரி கெடந்து வெள்ளிக்கெழம ஊரு சேரணும். சனிக்கெழம சிட்னி வழியா ஒண்ணு இருக்கு, அன்னைக்கே சேந்துரலாம். ஆயிரத்து நூறு கேக்கான். இன்னொண்ணு கேட்டுக்க. கம்மி டிக்கெட்டுக்குத் தேதி மாத்தவும் முடியாது, காசு திரும்பவும் வராது. எடுத்தா எடுத்ததுதான்."

வியாழனுக்கும் சனிக்கும் நடுவே வெள்ளிக்கிழமை இருந்தது. கித்தியோனேவுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற நாட்கள் திங்கள், புதன், வெள்ளி. வியாழன் போனால் கடைசி மெஷின் புதன்கிழமை. சனி போனால் வெள்ளிக்கிழமையும் ஒரு தடவை உண்டு. டோங்காவில் அப்போது அந்த மெஷின் இல்லை. மெஷின் இல்லாமல் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆக, சனிக்கிழமை டிக்கெட் என்பது இன்னும் இரண்டு நாள் உயிர். அதன் விலை நானூற்றுப் பத்து டாலர்.

லூசியானேயிடம் அந்தப் பணம் இல்லை. ஆனாலும் புரட்டலாம். கோயில் ஜனத்திடம் கேட்கலாம். முதலாளியிடம் முன்பணம் கேட்கலாம். உயிர் அவனுடையது, அவனே சொல்லட்டும் என்று நினைத்தாள்.

"போயி அவன்கிட்டக் கேட்டுட்டு வாங்க" என்றாள் புருசனிடம். "வியாழனா சனியான்னு. எல்லாத்தையும் வெளக்கமாச் சொல்லிக் கேளுங்க. காசப் பத்தி நெனைக்க வேண்டாம், அக்கா பாத்துக்கிடுவான்னு சொல்லுங்க."

பெனி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான். புல்லில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கேரவன் கதவு திறந்து மூடியது. உள்ளே இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. இந்தப் பேச்சில் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று லூசியானே நினைத்தாள். ஆண்பிள்ளைகள் அப்படித்தான் தாங்கிக்கொள்வார்கள் போல என்றும் நினைத்துக்கொண்டாள்.

பெனி திரும்பி வந்தான். "வியாழனே போதுமாம். எதுக்குக் காச வீணாக்கணும்ங்கறான்."

"எல்லாத்தையும் சொன்னீங்கல்ல?"

"சொன்னேன், சொன்னேன்." குழாயைத் திறந்து முகம் கழுவப் போய்விட்டான்.

சேலா அடித்தாள்.

*

கித்தியோனே நல்ல வேலைக்காரன். ஒன்பது வருசம் முன்னால் ஏழு மாத விசாவில் திராட்சை பறிக்க வந்தவன், விசா முடிந்தும் போகவில்லை. போனால் மறுபடி கூப்பிடுவார்கள் என்று யார் சொல்ல முடியும்? ஊரில், கொலோவாய் கிராமத்தில், பாதி கட்டின வீடு இருந்தது. பெண்டாட்டி இருந்தாள். லெசியேலி என்று மகள் இருந்தாள்; அவன் கிளம்பும்போது தவழ்ந்துகொண்டிருந்தவள். இங்கே இருந்து அவன் வீட்டைக் கட்டி முடித்தான், கூரை போட்டான், தண்ணீர்த் தொட்டி வைத்தான். ஒரு நாள்கூட அதில் படுத்ததில்லை.

இடக்கைக்காரன். கவாத்துக்கென்று இடக்கைக் கத்தரி ஒன்று தனியாக வாங்கி வைத்திருந்தான். அங்கே குளிர்காலமான ஜூன் ஜூலையில் விடிகாலை கம்பியெல்லாம் உறைபனி பிடித்து வெள்ளையாக நிற்கும். தொட்டால் விரல் ஒட்டும். எல்லாரும் வெயில் வரட்டும் என்று தீ மூட்டி நிற்கும்போது அவன் பாட்டுக்கு வரிசைக்குள் இறங்கிவிடுவான். மற்றவர்கள் வலக்கையால் வெட்டிக்கொண்டு ஒரு பக்கம் போக, அவன் எதிர்ப்பக்கம் நின்று வருவான். நடுவில் சந்தித்தால் "என்னய்யா, கண்ணாடியப் பாத்து வெட்டறாப்புல இருக்கே" என்பார்கள்.

போன வருசம் கால் வீங்கியது. திராட்சைக்கு அடிக்கிற மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். விசா இல்லாதவன் ஆஸ்பத்திரிப் பக்கம் எப்படிப் போவான்? மூச்சு முட்டி வரிசைக்குள் விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. கழுத்தில் குழாய் வைத்து வாரம் மூன்று தடவை மெஷினில் போட்டார்கள். மாதக்கணக்கில் போட்டார்கள். எந்த மருத்துவ அட்டையும் இல்லாத ஒருவனுக்கு ஆயுசுக்கும் போட வழியில்லை என்பதை ஒருநாள் டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

போனில் டோங்காக்காரர் ஒருவரை வைத்து மொழிபெயர்க்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னவள் லூசியானேதான். தம்பியின் உடம்பைப் பற்றி முகந்தெரியாத ஊர்க்காரன் எவனோ பேசுவதா? நாளைக்கு ஊரெல்லாம் தெரியாதா? "எங்க வீட்டுக்காரர் சொல்லுவார்" என்றாள். உடம்பைப் பற்றிய பேச்சில் அக்காள் நிற்கக் கூடாதென்பதால் அவள் அறைக்கு வெளியே நடையில் போய் நின்றுகொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் பேசப் பேச, பெனி திருப்பிச் சொல்வதும், கித்தியோனே தலையாட்டுவதும் தெரிந்தது. அவன் அழவில்லை. தம்பிக்குத் தைரியம் உண்டு என்று அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

*

கடைசி மெஷின் முடிந்து வந்த புதன்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் டின் மாட்டிறைச்சியும் வெங்காயமும் தேங்காய்ப்பாலும் வைத்துப் பொதிந்து சுட்டாள். நோயாளிக்கு இலை ஆகாது, தேங்காய் ஆகாது, உப்பு ஆகாது. ஒரு வருசமாக உப்பில்லாத கோழியும் வெறுஞ்சோறுமாகத் தின்று கிடந்தவன். இனி எது ஆகாது? ஆசை தீரத் தின்னட்டும் என்று நாலு பொதி வைத்து அனுப்பினாள்.

நாலும் அப்படியே திரும்பி வந்தன.

"பசியில்லையாம்" என்றான் பெனி. அவளைப் பார்க்காமல் சொன்னான்.

அவள் அவற்றைத் தாளில் சுற்றித் தன் பைக்குள் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். மெல்போர்ன் ஆறு மணி நேரம். பக்கத்து ஊரிலிருந்து சின்ன விமானம் உண்டு. அதற்குக் காசு வேண்டும். ஆக, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அக்காளும் தம்பியும் ஆறு மணி நேரம் ஒரே காருக்குள். அவன் பின்சீட்டில் தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தான். அவள் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியில்கூடப் பின்னால் பார்க்கவில்லை. ஆற்றோரம் பனிமூட்டம். அப்புறம் மரமில்லாத கோதுமைக்காடு. நெடுநேரம் அதுவேதான்.

ஸ்வான் ஹில்லில் பெட்ரோல் போட நிறுத்தியபோது லூசியானே பையிலிருந்து பொதியை எடுத்துப் புருசன் கையில் கொடுத்தாள். "சாப்பிடச் சொல்லுங்க. ஆக்லாந்துல ராத்திரி முழுக்கக் கெடக்கணும்."

பெனி வாங்கிக்கொண்டு தயங்கினான். பின்சீட்டிலிருந்து கித்தியோனேவின் குரல் வந்தது. அக்காளுக்குக் கேட்கட்டும் என்று மச்சானிடம் சொல்கிற குரல்.

"மச்சான், அக்கா மறந்துட்டாக போல. தேங்காப்பால் எனக்கு ஆகாதுல்ல. இத்தன நாளு வாயக் கட்டிட்டு இப்பப் போயி கெடுத்துக்கிடவா? நவம்பர்ல வந்து மெஷின்ல படுக்கும்போது அந்த நர்சம்மா ரத்தத்தப் பாத்தே கண்டுபுடிச்சிரும். ஏசும்."

லூசியானேயின் கை கதவுப் பிடியில் நின்றுவிட்டது.

"அப்பறம் மச்சான், பதினாலாந் தேதி ஜன்னலோரம் கெடைக்குமான்னு சேலாகிட்டக் கேக்கச் சொன்னேனே, கேட்டீங்களா? திராட்சக் குலை கழிக்கற வேலைக்குச் சரியா வந்துருவேன். ஒக்காந்துகிட்டே செய்யற வேலைதான அது. கத்தரிக்கு எண்ணெ போட்டுத் துணியில சுத்தி வச்சிருக்கேன். ஒருத்தனும் தொடப்படாது, ஆமா."

"ஆமா மாப்ள" என்றான் பெனி.

அவள் இறங்கிப் போனாள். பெட்ரோல் பங்குக்குப் பின்னால், காற்றடிக்கிற குழாய் பக்கத்தில் போய் நின்றாள். பெனி பின்னாலேயே வந்தான்.

"என்ன சொல்லி வச்சிருக்கீங்க அவன்கிட்ட?"

"லூசியானே..."

"டாக்டர் சொன்னத என்னன்னு சொன்னீங்க?"

"ஊருக்குப் போயி கொஞ்சநாள் இருன்னு சொன்னேன். அங்கயும் மருந்து இருக்கு, அதுக்குள்ள முதலாளி புதுக் காயிதம் போட்டு ஒழுங்கா அழைப்பாருன்னு சொன்னேன்." பெனி குளிரில் மூக்கைத் துடைத்தான். "அவன் மூஞ்சியப் பாத்தேன். வாயில வரல. அடுத்த வாரம் சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். அப்பறம் அந்த டிக்கெட்டுத் தாளக் கொண்டுபோயிக் குடுத்தா, வர்ற தேதியப் பாத்துட்டான். மச்சான், நெசமாவே திரும்பி வரப்போறேன்னு என்னையக் கட்டிப் புடிச்சிக்கிட்டான். அதுக்கு மேல எப்பிடிச் சொல்லுவேன் நான்?"

"வியாழனா சனியான்னு கேட்டப்போ?"

"நாலு மாசந்தான, ரெண்டு நாள்ல என்ன வந்துரப் போகுது, அக்கா காசு மிச்சமாகட்டும்னான்."

லூசியானே புருசனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பெனி பிற்பாடு சொன்னான். போனை எடுத்துச் சேலாவைக் கூப்பிட்டாள். சேலா கொடி வரிசைக்குள் நின்றுதான் பேசினாள். கத்தரிச் சத்தம் கேட்டது.

"சனிக்கெழமைக்கு மாத்த முடியுமா சேலா?"

"அன்னைக்கே சொன்னேனே. மாத்து இல்ல. புதுசாத்தான் எடுக்கணும். இப்ப சனிக்கெழம..." கத்தரிச் சத்தம் நின்றது. "ஆயிரத்து எண்ணூறு ஆயிருச்சு லூசியானே. கடைசி ரெண்டு சீட்டாம். என்னத்துக்கு, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வேலையப் பாரு."

வண்டியைத் திருப்பலாம். திருப்பினால் நாளைக்கு ஒரு மெஷின் உண்டு. அதன்பின் அவனிடம் டிக்கெட் இருக்காது. வாங்கவும் வழியில்லை. மகள் முகத்தைப் பார்க்காமல் கேரவனுக்குள் சாவான். திருப்பாவிட்டால் மகளைப் பார்ப்பான். ஆனால் நவம்பரில் திரும்பி வரப் போகிறவனாகவே இருந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், வாயைக் கட்டிக்கொண்டே பத்தாம் நாள் மூச்சு முட்டிப் போவான். பெண்டாட்டியும் பக்கத்தில் நின்று, ஏன் என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நான் பெண்டிகோ தாண்டினதும் சொல்லிடறேன்" என்றான் பெனி.

பெண்டிகோ தாண்டியது. பெனி சொல்லவில்லை. ரேடியோவைத் திருகினான், அணைத்தான். மழை தூறியது. கித்தியோனே துண்டுக்குள்ளேயே தூங்கிப் போனான். தூக்கத்தில் அவன் மூச்சு சீறுவதை லூசியானே முதல் தடவையாகக் கேட்டாள். ஒன்பது வருசமாக இருபது அடி தள்ளிப் படுத்திருந்த மூச்சு.

*

விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டாயிற்று. மகளுக்கு வாங்கின பள்ளிக்கூடச் செருப்பு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அளவு தெரியாமல் இரண்டு ஜோடி. பெட்டி போடுகிற இடத்தில் இருந்த பெண் தாளைப் பார்த்து "நவம்பரில் பார்க்கலாம்" என்பதுபோல ஏதோ சொல்லிச் சிரித்தாள். கித்தியோனேவும் சிரித்தான். முகம் ஊதி, கண் இரண்டும் கோடாக இருந்தது.

உள்ளே போகிற வாசலுக்கு முன்னால் பெனி அவனைக் கட்டிப்பிடித்து அழுதான். "என்னய்யா மச்சான், பொம்பளயாட்டம். நாலே மாசம்" என்று அவன் பெனியின் முதுகில் தட்டினான். பிறகு, பத்தடி தள்ளி நின்ற அக்காளின் பக்கம் திரும்பி, வழக்கப்படி தலையைக் குனிந்தான். பார்வை அவள் காலுக்கு மேலே ஏறவில்லை. அதுதான் விடைபெறுவது. அதற்குமேல் கிடையாது.

லூசியானே பத்தடியையும் நடந்து வந்தாள். அவன் திடுக்கிட்டுப் பின்வாங்கினான். சுவர் இடித்தது.

"தம்பி" என்றாள்.

பெரியவளான பிறகு அவனை நேராகக் கூப்பிட்டது அப்போதுதான். அவன் குனிந்தே நின்றான்.

"அந்தத் திரும்பி வர்ற டிக்கெட்டு, வெல கொறச்சலா இருந்துச்சுன்னு எடுத்தது. போறதுக்கு மட்டும்னா கூடக் கேட்டான். அதனாலதான்."

சுற்றிலும் ஆட்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். ஒலிபெருக்கியில் யார் பெயரையோ கூப்பிட்டார்கள்.

"அங்க மெஷின் கெடையாதுடா. மச்சான் சொல்லமாட்டாம விட்டுட்டார். ஒரு வாரம், பத்து நாளுன்னு டாக்டர் சொன்னாரு. பொண்டாட்டி கையால எல்லாத்தையும் வாங்கிச் சாப்புடு. எதையும் ஆகாதுன்னு ஒதுக்காத. லெசியேலிகிட்டப் பேசு. நெறையப் பேசு."

அவன் கழுத்துக் குழாய் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரி ஏறி இறங்கியது. கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள்.

அவன் பெனியின் பக்கம் திரும்பினான். அவள் ஒரு முழத் தூரத்தில்தான் நின்றாள். இருந்தாலும் பெனியிடம்தான் சொன்னான், எப்போதும் போல.

"மச்சான், அக்காகிட்டச் சொல்லுங்க. கொறச்ச வெலைக்குக் கெடச்சது நல்லதாப் போச்சுன்னு."

பெனியால் சொல்ல முடியவில்லை.

"அந்தத் தேங்காப்பால் பொதி இருக்கா?" என்றான் கித்தியோனே.

லூசியானே பையைத் துழாவி நான்கையும் எடுத்தாள். பெனி வாங்கி அவனிடம் நீட்டினான். அவன் ஒன்றை அங்கேயே நின்றபடி பிரித்து, ஆறிப்போன இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றான். மூன்றைக் குளிர்ச்சட்டைப் பைகளுக்குள் திணித்துக்கொண்டான்.

"கேரவன்ல கத்தரி இருக்குன்னு சொல்லுங்க. யாருக்காச்சும் குடுத்துரட்டும். புதுசா வாங்குனா நூறு டாலர் ஆகும்."

போய்விட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் துண்டு கொஞ்ச தூரம் தெரிந்தது.

ஊர் போய்ச் சேர்ந்து ஆறாம் நாள் செத்துப்போனான். ஒரு பொதியை ஆக்லாந்தில் தின்றானாம், மிச்சத்தை விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டார்களாம். செருப்பில் ஒரு ஜோடி சரியாக இருந்ததாம். தம்பி சாவில் முதல் மரியாதை அக்காளுக்கு. பாயில் தலைமாட்டு இடம் அவளுக்கு. அந்த இடம் காலியாகவே இருந்ததாம். சாவுச் செய்தி வந்த ராத்திரியே சேலா வந்து லூசியானேவுக்கு டிக்கெட் தேடிப் பார்த்தாள். கவாத்து முடிய மூன்று வாரம் இருந்தது. அவள் சொன்ன எந்த விலைக்கும் லூசியானேயிடம் காசு இல்லை.

மறுவாரம் அவள் கேரவனுக்குள் போனாள். படுக்கை மடித்திருந்தது. சாக்குத் துணியில் சுற்றி, எண்ணெய் மினுங்கக் கத்தரி இருந்தது. எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். யாருக்காவது கொடுக்கச் சொன்னானே. வரிசை வரிசையாகக் கேட்டுப் பார்த்தாள். வாங்கிப் பிடித்துப் பார்த்தவர்களெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்தார்கள்.

"இடக்கைக் கத்தரியாச்சே லூசியானே" என்றாள் சேலா. "இத வச்சு யாரு வெட்டுவா?"

உறைபனி இன்னும் விலகவில்லை. லூசியானே அதைத் தன் இடக்கையில் மாட்டி, முதல் கொடியைப் பிடித்து வெட்டினாள். கோணலாக விழுந்தது. அடுத்ததும் கோணலாகத்தான் விழுந்தது. வரிசை முடிவதற்குள் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. அவள் திரும்பி அடுத்த வரிசையில் இறங்கினாள்.